பி.டி.யு. எண்ணும் பிரியாணி அண்டாவும்: கொல்லைப்புறப் புரொப்பேன் அடுப்பைப் புரிந்துகொண்டு வாங்குவது

வட அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஐம்பது பேருக்குப் பிரியாணி செய்ய வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன், வீட்டுக்குள் இருக்கும் அடுப்பு அதற்குப் போதாது என்பதும் தெரிந்துவிடுகிறது. பெரிய அண்டா இரண்டு பர்னர்களையும் மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஒரு மணி நேரம் கழிந்தாலும் உலை கொதிக்காது. வதக்கிய வெங்காயத்தின் வாடை சன்னல் திறக்க முடியாத குளிர்காலத்தில் வாரக்கணக்கில் தங்கும். எனவே கொல்லைப்புறத்தில் வைத்துச் சமைக்க ஒரு புரொப்பேன் அடுப்பு வாங்கலாம் என்று முடிவாகிறது. கடையிலோ ஒரு பெட்டியின் மேல் 55,000 பி.டி.யு. என்றும், அதற்குப் பக்கத்திலுள்ள பெட்டியின் மேல் 2 லட்சம் பி.டி.யு. என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். விலையில் பெரிய வேறுபாடு இல்லாதபோது பெரிய எண்ணைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம் என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் என் முதல் அடுப்பை வாங்கினேன்.

அந்த எண்ணைப் பற்றி நம்மிடையே நடக்கும் உரையாடல்களில் மூன்று பிழையான கருத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எண் கூடினால் தீயின் சூடு கூடும் என்பது ஒன்று. அச்சிட்ட எண் முழுவதும் அண்டாவுக்குப் போய்ச் சேரும் என்பது மற்றொன்று. எந்தச் சிலிண்டரை மாட்டினாலும் அடுப்பு அந்த எண்ணைத் தரும் என்பது மூன்றாவது. மூன்றும் சரியல்ல என்பதை அன்றாட அனுபவத்திலிருந்தே விளக்கிவிடலாம்.

பி.டி.யு. என்பது எதன் அளவு?

ஒரு பவுண்டு தண்ணீரை, அதாவது ஏறத்தாழ 450 மில்லி தண்ணீரை, ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடேற்றத் தேவைப்படும் வெப்பமே ஒரு பி.டி.யு. ஒரு மரத் தீக்குச்சி முழுவதுமாக எரிந்து தீரும்போது வெளிவரும் வெப்பம் கிட்டத்தட்ட இவ்வளவு இருக்கும். அடுப்புப் பெட்டியில் 60,000 என்று எழுதியிருந்தால், அது ஒரு மணி நேரத்தில் வெளிவரும் வெப்பத்தைக் குறிக்கிறது. குடத்தில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது வேறு, குழாயிலிருந்து மணிக்கு எத்தனை லிட்டர் விழுகிறது என்பது வேறு அல்லவா? அடுப்பின் எண் குழாயைப் போன்றது. மின்சாரக் கணக்கில் பழகியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: ஒரு கிலோவாட் என்பது மணிக்கு 3,412 பி.டி.யு. ஆகையால், 60,000 பி.டி.யு. அடுப்பு சுமார் 17.6 கிலோவாட் திறனுடையது.

இது சூட்டின் அளவு அல்ல, சூட்டின் வரத்து. கார்த்திகை நாளில் வாசலில் வைக்கும் அகல் விளக்கையும் கோயில் முன்பு கொளுத்தும் சொக்கப்பனையையும் எண்ணிப் பாருங்கள். அகலின் சுடரிலும் விரலை வைக்க முடியாது, சொக்கப்பனையிலும் வைக்க முடியாது. ஆனால், அகல் பக்கத்தில் உட்கார்ந்து கோலத்துக்குப் புள்ளி வைக்கலாம். சொக்கப்பனைக்குப் பத்தடி தள்ளி நின்றாலும் முகம் காய்கிறது. சுடரின் சூடு ஒத்த அளவிலேயே இருக்க, வெளிவரும் வெப்பத்தின் அளவே மலைக்கும் மடுவுக்குமாக மாறுகிறது. புரொப்பேன் காற்றில் சரியாகக் கலந்து எரியும்போது, சுடரின் வெப்பநிலை கணக்குப்படி 1,900 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும். சிறிய அடுப்பிலும் பெரிய அடுப்பிலும் அது ஏறக்குறைய ஒன்றே.

அப்படியானால் சிறிய அடுப்பில் பெரிய அண்டா ஏன் கொதிப்பதில்லை? அண்டா ஓர் ஓட்டைக் குடம் என்பதுதான் காரணம். அடியிலிருந்து வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும்போதே, பக்கச் சுவர்கள் வழியாகவும் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவி வழியாகவும் அது வெளியேறிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் சூடாகச் சூடாக ஓட்டையும் பெரிதாகிறது. வரவும் செலவும் சமமாகும் இடத்தில் வெப்பநிலை நின்றுவிடும். அகன்ற வாயுள்ள அண்டாவைச் சிறிய அடுப்பில் திறந்து வைத்தால், கொதிநிலைக்கு முன்பே அந்தச் சமநிலை வந்துவிடக்கூடும். மூடி போட்டதும் கொதி வருவதற்கும் இதுவே காரணம். மூடி ஓட்டையை அடைக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், பி.டி.யு. எண் தீ எவ்வளவு சூடு என்பதைச் சொல்வதில்லை. மணிக்கு எவ்வளவு வெப்பம் பிறக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது.

இருபது லிட்டர் உலைக்கு ஒரு கணக்கு

ஐந்து கிலோ பாசுமதி அரிசியை வடித்துச் சேர்க்கும் முறையில் பிரியாணி செய்பவர் ஏறத்தாழ 20 லிட்டர் தண்ணீரை உலை வைப்பார் என்று கொள்வோம். 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்கு வர, சுமார் 6,350 பி.டி.யு. வெப்பம் தண்ணீருக்குள் நுழைய வேண்டும். 60,000 அடுப்பு இதை ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல் முடித்துவிடும் என்று காகிதக் கணக்கு சொல்லும். நடப்பில் அப்படி ஆவதில்லை. பிறக்கும் வெப்பத்தில் பாதிக்கும் மேலானது அண்டாவின் பக்கவாட்டில் ஏறி வானத்துக்குப் போய்விடுகிறது. பாத்திரத்துக்குள் நுழையும் பங்கை வெப்பத் திறன் என்பார்கள். திறந்த வெளியில் அதை 35 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 20 லிட்டர் கொதிக்க 18 நிமிடம் ஆகும். அதே திறனில் 12,000 பி.டி.யு. உள்ள வீட்டு பர்னருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஓட்டைக் குடத்தின் கசிவையும் சேர்த்தால் இன்னும் நீளும்.

இந்தக் கணக்கின்படி 2 லட்சம் பி.டி.யு. அடுப்பில் ஐந்தரை நிமிடத்தில் கொதி வர வேண்டும். வராது. வெப்பத் திறன் என்பது அடுப்புக்கு மட்டும் உரிய குணம் அன்று. அடுப்பும் பாத்திரமும் காற்றும் சேர்ந்து உண்டாக்கும் குணம். தீயின் வட்டம் அண்டாவின் அடிப்பரப்பைத் தாண்டினால், தாண்டிய பகுதி அண்டாவின் கைப்பிடியைச் சுடுவதற்கும் பக்கச் சுவரில் ஒட்டிய மசாலாவைக் கருக்குவதற்கும்தான் பயன்படும். ஆகவே கடைக்குப் போகும் முன் அண்டாவின் அடி விட்டத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எரியும் தலையின் வட்டம் அதைவிடக் கணிசமாகச் சிறியதாக இருக்க வேண்டும். என் அனுபவத்தில் எந்த எண்ணையும்விட உதவிய அளவு இதுதான்.

சிலிண்டருக்குள் நடப்பது

என் முதல் அடுப்பு பெரிய எண்ணுடையது. நவம்பர் மாதத்து மாலை ஒன்றில், விருந்தினர் வந்து சேரும் நேரத்தில், முக்கால் மணி நேரம் சீறி எரிந்த தீ மெல்ல மெல்லச் சுருங்கியது. சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் பார்த்தேன், கனமாகவே இருந்தது. அதன் அடிப்பாதி முழுவதும் வெண்பனி படிந்திருந்தது. கறி பாதி வெந்த நிலையில் அண்டாவை இருவர் பிடித்து உள்ளே கொண்டு போனோம். அடுப்பில் குறை ஏதும் இல்லை. எனக்குத்தான் சிலிண்டரைப் பற்றித் தெரியவில்லை.

சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி செல்சியஸ். நம் கொல்லைப்புறத்து வெப்பநிலையில் அது எப்போதும் கொதிக்கத் துடித்துக்கொண்டிருக்கிறது. இறுக மூடிய கலத்தில் கொதிப்பதால் மேலே ஆவி நெருக்கமாகச் சேர்ந்து அழுத்தம் உண்டாகிறது. 20 டிகிரியில் அந்த அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏழு மடங்குக்கு மேல். உறைநிலையில் அது பாதியாகக் குறைந்துவிடும். நாம் வால்வைத் திறந்து ஆவியை எடுக்க எடுக்க, அதை ஈடுசெய்யத் திரவம் மேலும் கொதிக்கிறது. கொதிப்பதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைத் திரவம் தன்னிடமிருந்தும், சிலிண்டரின் இரும்பிலிருந்தும், சுற்றியுள்ள காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. மண்பானையின் சுவரில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிர்விப்பது போன்ற செயல்தான் இது.

அளவைப் பாருங்கள். 60,000 பி.டி.யு. அடுப்பு முழுத் தீயில் மணிக்கு ஏறத்தாழ ஒன்றே கால் கிலோ புரொப்பேனை எரிக்கிறது. அவ்வளவு திரவம் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம், உறைநிலையில் இருக்கும் ஒன்றே கால் கிலோவுக்கு மேற்பட்ட தண்ணீரைப் பனிக்கட்டியாக்கப் போதும். 2 லட்சம் பி.டி.யு. அடுப்போ நாலரை கிலோ பனிக்கட்டிக்கு ஈடான குளிர்ச்சியை ஒரே மணி நேரத்தில் அந்தச் சிலிண்டரின் மேல் சுமத்துகிறது. வெளிக்காற்று அவ்வளவு வேகமாக வெப்பம் தர முடியாதபோது திரவம் குளிர்கிறது. குளிர்ந்தால் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் தீ சுருங்குகிறது. சிலிண்டரில் திரவம் குறைந்த பிறகு இது இன்னும் விரைவில் நடக்கும், ஏனெனில் இரும்புச் சுவரை நனைத்துக்கொண்டிருக்கும் பரப்பு அப்போது சிறியது.

இங்கே பார்பிக்யூவுக்குப் பயன்படும் 20 பவுண்டு சிலிண்டர் 60,000 அளவுள்ள அடுப்புக்கு மிதமான காலநிலையில் போதுமானது. முழுதாக நிரப்பியிருந்தால் ஏழு மணி நேரம் எரியும். காலிச் சிலிண்டரைக் கொடுத்து நிரம்பியதை வாங்கிக்கொள்ளும் கடைகளில் பெரும்பாலும் 15 பவுண்டு மட்டுமே நிரப்பியிருப்பதால், லேபிளைப் பார்த்துவிட்டுக் கணக்கிடுங்கள். கூடாரப் பயணத்துக்கு விற்கும் ஒரு பவுண்டுக் குப்பிகள் பெரிய அடுப்புக்கு உதவா. பனிக்காலத்தில் சமைக்க நேர்ந்தால் இரண்டு சிலிண்டர்களை வைத்துக்கொண்டு, ஒன்று சோர்ந்ததும் அடுப்பை முழுவதும் அணைத்துவிட்டு மற்றதை மாட்டுவதே முறை. சோர்ந்த சிலிண்டரைத் தீயருகே வைத்துச் சூடாக்கும் துணிச்சல் யாருக்கும் வர வேண்டாம். அது உயிரைப் பறிக்கும்.

சிலிண்டர் வெறும் சேமிப்புக் கலம் அன்று. அதுவே ஒரு கொதிகலன் என்பதை நினைவில் வைத்தால், பெரிய எண்ணுள்ள அடுப்பு ஏன் பாதியில் சோர்கிறது என்பது விளங்கிவிடும்.

ரெகுலேட்டரும் ஜெட்டும்

சிலிண்டரின் ஏறி இறங்கும் அழுத்தத்தைக் குறைத்து, அடுப்புக்கு ஏற்ற சீரான அழுத்தமாக மாற்றித் தருவது ரெகுலேட்டர். வாயு அடுப்புக்குள் பாயும் ஊசித் துளையுள்ள சிறு பித்தளைத் துண்டு ஜெட். மாடித் தொட்டியும் குழாயின் முனையும் போல, இவ்விரண்டும் சேர்ந்துதான் மணிக்கு எவ்வளவு வாயு பாயும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

ரெகுலேட்டர்களில் இரண்டு வகை உண்டு. பார்பிக்யூ அடுப்புகளில் இருக்கும் குறைந்த அழுத்த வகை, ஒரு பிஎஸ்ஐயில் பாதியைக்கூட எட்டாத அழுத்தத்தில் வாயுவை அனுப்புகிறது. வெளிச்சமையல் அடுப்புகளோடு வரும் உயர் அழுத்த வகையில் 10, 20 அல்லது 30 பிஎஸ்ஐ வரை திருகிக் கூட்டலாம். பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு அழுத்தம் என்பதற்கான அளவு. அழுத்தத்தை இரட்டித்தால் தீயும் இரட்டிக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். வாயுவின் பாய்ச்சலை இரட்டிக்க, அழுத்தத்தை நான்கு மடங்காக்க வேண்டும். 10 பிஎஸ்ஐ ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு 20 பிஎஸ்ஐ மாட்டுவதால் கிடைப்பது இரண்டு மடங்குத் தீ அன்று, சுமார் 40 விழுக்காடு கூடுதல் மட்டுமே; அதோடு அந்த அழுத்தத்துக்கென்று வடிவமைக்கப்படாத குழாயும் வால்வும் ஆபத்துக்கு உள்ளாகின்றன. அடுப்போடு வந்த ரெகுலேட்டரை மாற்றாமல் பயன்படுத்துவதே சரி.

புதிய அடுப்பு முதல் நாளே மந்தமாக எரிகிறது என்ற குறையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இங்குள்ள சிலிண்டர்களின் கறுப்புப் பிளாஸ்டிக் இணைப்புக்குள், வாயு திடீரென்று பாய்ந்தால் குழாய் அறுந்துவிட்டதாகக் கருதி ஓட்டத்தைத் தடுக்கும் ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. அடுப்பின் வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு சிலிண்டரையும் சடாரென்று திறந்தால், அந்த அமைப்பு வேலை செய்துவிடும். எல்லாவற்றையும் மூடி, இணைப்பைக் கழற்றி, சற்று நேரம் விட்டு மறுபடி மாட்டி, அடுப்பு வால்வு மூடியிருக்கும்போது சிலிண்டரை மெதுவாகத் திறந்தால் குறை தீரும்.

நீலத் தீக்குக் காற்று வேண்டும்

ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்று தேவை. ஜெட்டிலிருந்து சீறிப் பாயும் வாயு போகிற போக்கில் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் இருக்கும், திருப்பி மூடவும் திறக்கவும் முடிகிற தகடு காற்றுத் தடுப்பு எனப்படும். தீ மஞ்சளாகி அண்டாவின் அடியில் கரி பிடித்தால் காற்று போதவில்லை; தடுப்பைத் திறக்க வேண்டும். தீ பர்னரை விட்டு எழும்பிப் படபடத்தால் காற்று மிகுதி, மூட வேண்டும். குளிர்காலம் முழுவதும் சும்மா கிடந்த அடுப்பில் மஞ்சள் தீ வந்தால், ஜெட்டுக்கும் பர்னருக்கும் இடையிலுள்ள குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கொதிக்க வைப்பவர்களுக்காகப் பிறந்த அடுப்பு

பலர் கவனிக்காத செய்தி இது. இந்த வகை அடுப்புகள் இங்கே வளர்ந்ததற்குக் காரணம் நம் சமையல் அன்று. லூசியானா மாநிலத்தில் வசந்த காலம் வந்தால், கிராஃபிஷ் எனப்படும் நன்னீர்ச் சிங்கி இறாலை மூட்டை மூட்டையாக வாங்கி, ஆளுயரத்தில் பாதி வரும் அலுமினியப் பாத்திரத்தில் காரமசாலா நீரில் வேகவைத்து, ஊரே கூடி உண்பார்கள். தேங்க்ஸ்கிவிங் நாளில் முழு வான்கோழியை எண்ணெயில் பொரிப்பவர்களும், வீட்டிலேயே பீர் வடிப்பவர்களும் அதே அடுப்பை எடுத்துக்கொண்டார்கள். இவர்களுக்கு வேண்டியதெல்லாம் நிறைய நீரையோ எண்ணெயையோ விரைவில் சூடாக்குவதுதான். சிறுதீ அவர்களுக்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை.

நமக்கோ இரண்டும் வேண்டும். உலைக்குப் பெருந்தீ, தம்முக்குச் சிறுதீ. ஒரே துளை வழியாக ராக்கெட்டைப் போல் எரியும் ஜெட் வகை பர்னர் கொதிக்க வைப்பதில் வல்லது. காதைப் பிளக்கும் இரைச்சலோடு அண்டாவின் நடுவில் மட்டும் வெப்பத்தைக் குவிக்கும். குறைத்தால் காற்றை இழுக்கும் விசையும் குறைந்து, தீ மஞ்சளாகித் தடுமாறும். அடி பிடித்துப்போன பிரியாணிகளில் பல இதன் மேல் வைக்கப்பட்டவை என்றே நம்புகிறேன். அகன்ற வட்டத்தில் நூற்றுக்கணக்கான சிறு துளைகள் உள்ள வார்ப்பிரும்பு பர்னர், பான்ஜோ இசைக்கருவியின் வடிவில் இருப்பதால் பான்ஜோ என்றே அழைக்கப்படுவது, தீயைப் பரப்பித் தரும். குறைத்தாலும் ஓரளவு நிலையாக நிற்கும். நம் சமையலுக்கு என் தேர்வு இதுதான். அப்போதும் தம் போடும் நேரத்தில் அண்டாவுக்கு அடியில் கனமான பழைய தோசைக்கல்லை வைத்துவிட்டால், வெப்பம் பரவி ஏறும்.

வான்கோழி பொரிப்பதற்கென்று விற்கும் அடுப்புகள் சிலவற்றில், குறிப்பிட்ட நிமிடங்களுக்கு ஒருமுறை திருகிவிடாவிட்டால் வாயுவைத் தானே நிறுத்திவிடும் கடிகார வால்வு இருக்கும். எண்ணெய் கவனிப்பாரின்றிக் காய்ந்து தீப்பற்றுவதைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு அது. நீண்ட நேரச் சமையலுக்கு ஒத்துவராது. அதைக் கழற்றி எறிவதைவிட, அந்த வால்வு இல்லாத அடுப்பை வாங்குவது மேல்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது, இது எவ்வளவு பெரிதாக எரியும் என்பதோடு, எவ்வளவு சிறிதாக நிலைத்து எரியும் என்பதும்.

தாங்கியும் இடமும்

இருபது லிட்டர் தண்ணீரும் அண்டாவும் சேர்ந்து 25 கிலோவைத் தாண்டும். அதில் கரண்டி போட்டுக் கிளறும் விசையையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், குட்டையான, கால்கள் அகன்ற, பற்றவைத்த எஃகுத் தாங்கிதான் வேண்டும் என்பது புரியும். இடுப்பளவு உயர்ந்த மூன்று கால் தாங்கிகள் பார்க்க அழகாக இருந்தாலும் குழந்தைகள் ஓடும் கொல்லையில் அவை வேண்டாம். பர்னரைச் சுற்றிக் காற்றுத் தட்டி இருப்பது நல்லது. ஆனால் சிலிண்டரையும் சேர்த்து மறைக்கும்படி தகரம் வைக்கக் கூடாது. குழாய் எட்டும் அளவுக்குச் சிலிண்டரைத் தள்ளி வையுங்கள்.

மழை வந்தது என்று கார் ஷெட்டுக்குள் அடுப்பை நகர்த்துபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். கதவு திறந்துதானே இருக்கிறது என்கிறார்கள். எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. திறந்த கதவு அதை முழுவதும் வெளியேற்றிவிடாது. எரியாத புரொப்பேனோ காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து நிலவறைப் படிக்கட்டில் தேங்கும். இந்த அடுப்பு வானத்துக்குக் கீழே மட்டும் எரிய வேண்டியது. மழையென்றால் விருந்தைத் தள்ளிப் போடலாம்.

எந்த அளவு, யாருக்கு?

பத்துப் பதினைந்து லிட்டர் பாத்திரத்தில் சாம்பாரும் பொங்கலும் செய்பவருக்கு 30,000 பி.டி.யு. தாராளம். இருபதிலிருந்து நாற்பது லிட்டர் வரையுள்ள அண்டாவுக்கு 55,000 முதல் 75,000 வரை, பான்ஜோ பர்னரோடு. அதற்கு மேல் தேவைப்பட்டால் 2 லட்சத்து அடுப்பு ஒன்றைவிட, 60,000 அடுப்புகள் இரண்டை இரண்டு சிலிண்டர்களோடு வாங்குங்கள்; ஒன்றில் உலை கொதிக்கும்போது மற்றதில் கறி வதங்கும், சிலிண்டரும் உறையாது. வட அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் அடுப்பில் சி.எஸ்.ஏ. போன்ற பரிசோதனை முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வாங்கி வந்த நாளில் சமைக்க வேண்டாம். இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். பிறகு 20 டிகிரி அளவில் இருக்கும் 10 லிட்டர் தண்ணீரை மூடி போட்டு வைத்து, கொதி வரும் நேரத்தைக் குறியுங்கள். 60,000 அடுப்பு முழுத் தீயில் ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டால் வெப்பத் திறன் 35 விழுக்காடு. பதினைந்து நிமிடம் ஆனால் அது 21தான். அப்போது தீயின் நிறம், பர்னருக்கும் அண்டாவுக்கும் உள்ள இடைவெளி, காற்று வீசும் திசை ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்து மறுபடி அளந்து பாருங்கள். அணைக்கும்போது முதலில் சிலிண்டரை மூடி, குழாயில் மிஞ்சியிருக்கும் வாயு எரிந்து தீர்ந்த பிறகு அடுப்பின் வால்வை மூடுங்கள்.